பதினேழு வயதுத் தோளுக்கு ஐந்து வருஷ ஒப்பந்தமா?

கேள்வி: வக்கீல் சார், எனக்கு முத்தையாபுரத்தில் உப்பு வியாபாரம். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு கிரிக்கெட் கிளப் நடத்தி வருகிறோம். மாவட்ட லீக்கில் ஆடுகிறோம். கோடையில் பரிசுத்தொகைப் போட்டிகளுக்கும் அணி அனுப்புகிறோம். எங்களிடம் இடது கையால் வேகப்பந்து வீசுகிற பையன் ஒருவன் இருக்கிறான். வயது 17. அப்பா, அம்மா இருவருக்கும் உப்பளத்தில் வேலை. இந்த சீசனில் அவன் பந்தை யாராலும் தொட முடியவில்லை. கடைசி இரண்டு மாதமாக வலது பக்க இடுப்பில் கொஞ்சம் பிடிப்பு என்கிறான், தைலம் தேய்த்தால் சரியாகிவிடுகிறது. சென்னையிலிருந்து ஒரு கிளப்பும் ஒரு ஏஜெண்டும் அவனைப் பற்றி விசாரிப்பதாகக் கேள்வி. அதற்குள் நாங்கள் முந்திக்கொண்டு ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டுவிடலாம் என்று இருக்கிறோம். முன்பணம் நான்கு லட்சம், மாதம் 15,000 ரூபாய். டிஎன்பிஎல், ஐபிஎல் என்று போனால் அவன் வருமானத்தில் 30 சதவீதம் கிளப்புக்கு. நடுவில் விட்டுப் போனால் வாங்கியதை இரட்டிப்பாகத் திருப்பித் தரவேண்டும். அவன் அப்பா கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டார். என் மகன் அமெரிக்க பேஸ்பால் பார்ப்பவன். அங்கே ஒரே ஆட்டக்காரருக்கு 10 வருஷம், 15 வருஷம் என்று ஒப்பந்தம் போடுகிறார்கள் என்கிறான். அவ்வளவு பெரிய முதலாளிகள் யோசிக்காமலா போடுவார்கள்? எங்கள் ஒப்பந்தத்தில் என்னென்ன ஆபத்து இருக்கிறது என்று சொல்லுங்கள்.
— பெயர் வேண்டாம், முத்தையாபுரம்.

பதில்: அண்ணாச்சி, முதலில் இந்தப் பத்திரத்தில் கையெழுத்து வாங்காதீர்கள். காரணங்களைச் சொல்கிறேன்.

பையனுக்கு வயது 17. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 11-வது பிரிவு, 18 வயது நிறையாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர் என்கிறது. அப்படியே செய்தால் அந்த ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. 1903-ல் பிரிவி கவுன்சில் தீர்த்துவைத்த மோகரி பீபி வழக்கிலிருந்து இன்றுவரை இந்த நாட்டில் இதுதான் நிலை. அந்த வழக்கில் மைனருக்குக் கடன் கொடுத்தவர், கொடுத்த பணத்தைக்கூடத் திரும்பப் பெற முடியாமல் நின்றார். அப்பா கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைக்கிறீர்கள். உடல் உழைப்பைத் தருகிறேன் என்று மகனுக்காக அப்பா எழுதிக் கொடுப்பது அவனைக் கட்டாது. 1949-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ராஜ்ராணி எதிர் பிரேம் அதீப் என்று ஒரு வழக்கு வந்தது. மைனரான ஒரு நடிகைக்காக அவர் அப்பா ஒரு பட முதலாளியோடு ஒப்பந்தம் போட்டிருந்தார். பேசியபடி வேலை கொடுக்காத முதலாளி மீது நடிகை தரப்பு வழக்குப் போட்டது. ஒப்பந்தமே செல்லாது என்று வழக்கு தோற்றது. இப்படிப்பட்ட பத்திரம் உங்களையும் காக்காது, அந்தப் பையனையும் காக்காது.

சரி, 18 முடிந்தபின் போடலாமா? போடலாம். ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற ஷரத்துகள் அப்போதும் நிற்காது. 'விட்டுப் போனால் இரட்டிப்பு' என்பது தண்டம். 74-வது பிரிவின்படி நியாயமான நஷ்டஈட்டைத்தான் நீதிமன்றம் தரும், எழுதிவைத்த தொகையை அப்படியே தூக்கிக் கொடுக்காது. 'எங்களுக்குத்தான் ஆட வேண்டும்' என்று ஒரு மனிதனை நீதிமன்றம் மைதானத்துக்கு இழுத்துவந்து பந்து போடச் சொல்லாது. 1963-ம் ஆண்டின் தனிக்குறித் தீர்வழிச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. ஜாகீர் கான் வழக்கு இதற்குப் பக்கத்துணை. அவருடைய விளம்பர வேலைகளைக் கவனித்த பெர்செப்ட் டி'மார்க் நிறுவனம், மூன்று வருஷ ஒப்பந்தம் முடிந்தபிறகும், வேறு யாராவது கேட்டால் முதலில் தங்களிடம்தான் கொண்டுவர வேண்டும் என்று ஒரு ஷரத்து வைத்திருந்தது. 2006-ல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தக் காலம் தாண்டி ஒருவன் தொழிலைக் கட்டிப்போடும் இந்த ஷரத்து 27-வது பிரிவின்படி செல்லாது என்றது. ஜாகீர் கான் அப்போது இந்திய அணியின் முன்னணிப் பந்துவீச்சாளர், சட்ட ஆலோசகர்களும் ஏஜெண்டும் அருகில் இருந்தவர். அவருக்கே சட்டம் துணைக்கு வந்தது என்றால், உப்பளக் கூலிக்காரர் மகனுக்கு இன்னும் வேகமாக வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. முன்பணத்தைக் கொடுத்து, அது தீரும்வரை வேறெங்கும் வேலைக்குப் போகாதே என்று ஒருவனைக் கட்டுவதைத்தான் 1976-ம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் குற்றம் என்கிறது. நீங்கள் அந்த எண்ணத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பத்திரத்தைப் படிக்கிற அதிகாரிக்கு உங்கள் எண்ணம் தெரியாது, எழுத்துத்தான் தெரியும்.

சட்டம் இத்தோடு போதும். நீங்கள் கேட்ட பெரிய கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் மகன் சொன்னது உண்மை. லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணி 2023 டிசம்பரில் ஷோஹெய் ஓட்டானியை 10 வருஷத்துக்கு 70 கோடி டாலருக்கு எடுத்தது. 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் ஹுவான் சோட்டோவுக்கு 15 வருஷத்துக்கு 76.5 கோடி டாலர் கொடுத்தது. ஆனால் அந்த ஒப்பந்தங்களின் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஓட்டானிக்கு அந்தப் பத்து வருஷத்தில் வருஷம் 20 லட்சம் டாலர்தான். மிச்சம் 68 கோடி டாலரை 2034-ல் தொடங்கி 2043 வரை கொடுப்பார்கள். ஒப்பந்தம் போடுவதற்கு மூன்று மாதம் முன்புதான் அவருக்கு முழங்கையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அடுத்த சீசனில் அவர் பந்து வீசமாட்டார் என்று தெரிந்தேதான் எடுத்தார்கள். 2024-ல் பந்து வீசாமலே 54 ஹோம் ரன் அடித்தார், அணி சாம்பியன் ஆனது. ஜப்பானிலிருந்து வரும் விளம்பரமும் டிக்கெட்டும் தனிக் கணக்கு. கை போனால் மட்டை இருக்கிறது, மட்டை சறுக்கினாலும் அந்தப் பெயருக்கு வருமானம் இருக்கிறது. உங்கள் பையனிடம் இருப்பது ஒரு தோளும் ஒரு முதுகும்தான்.

அவர்களே சறுக்கியதும் உண்டு. வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியின் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க் 2019 இறுதிச் சுற்றின் தொடர்நாயகன். அந்தச் சூட்டிலேயே, அதே டிசம்பரில், 7 வருஷத்துக்கு 24.5 கோடி டாலர் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் ஆடியது மொத்தம் 8 ஆட்டம். தோளுக்குப் போகும் நரம்பு நசுங்கி, விலா எலும்பு ஒன்றை எடுத்து, அப்படியும் கை திரும்பவில்லை. 2024-ல் ஓய்வு பெற்றார். அமெரிக்க பேஸ்பாலில் ஒப்பந்தத் தொகைக்கு உத்தரவாதம் உண்டு. ஆடினாலும் ஆடாவிட்டாலும் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

கிறிஸ் டேவிஸ் கதை இன்னும் யோசிக்க வேண்டியது. அவருக்குக் காயம் பெரிய விஷயமாக இருக்கவில்லை. 2015-ல் 47 ஹோம் ரன். 2016 ஜனவரியில் பால்டிமோர் ஓரியோல்ஸ் 7 வருஷத்துக்கு 16.1 கோடி டாலர் கொடுத்தது. இரண்டே வருஷத்தில் அவரால் பந்தை அடிக்க முடியவில்லை. 2018 இறுதியிலும் 2019 தொடக்கத்திலும் சேர்த்து, தொடர்ந்து 54 முறை மட்டை பிடித்தும் ஒரு ஹிட்கூட வரவில்லை. 2021-ல் விலகிவிட்டார். ஒத்திவைத்த பணத்தை அணி 2037 வரை கொடுக்க வேண்டும். காயத்துக்குக் காப்பீடு எடுக்கலாம். ஃபார்ம் போனதற்குக் காப்பீடு எந்தக் கம்பெனியிலும் கிடையாது.

இதில் எல்லாம் ஒரே தவறுதான் திரும்பத் திரும்ப வருகிறது. விலை பேசுவது போன சீசனைப் பார்த்து, வாங்குவது வருகிற சீசன்களை. ஆட்டக்காரனுக்கு விலை ஏறுவது அவன் உச்சத்தில் இருக்கும்போது. உச்சம் என்றாலே அடுத்த அடி கீழே என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

உங்கள் கடலோரத்துக்கே இது தெரிந்த கதை. 1903, 1904, 1905 என்று மூன்று வருஷம் மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, கொட்டோ கொட்டென்று கொட்டியது. தூத்துக்குடிப் பரதவர்களும் கீழக்கரைக்காரர்களும் மரிச்சுக்கட்டி முகாமுக்குப் போய் மூழ்கினார்கள். 1905 சலாபத்தில் மட்டும் அரசுக்குச் சுமார் 25 லட்சம் ரூபாய் வந்தது. அந்தக் கணக்கைப் பார்த்து லண்டனில் பங்கு திரட்டி ஒரு கம்பெனி உருவானது. சிலோன் கம்பெனி ஆஃப் பேர்ல் ஃபிஷர்ஸ். 1906-ல், கடலடியில் முத்துச் சிப்பி விளையும் அந்தப் பார்களை 20 வருஷத்துக்குக் குத்தகை எடுத்தது, வருஷம் 3,10,000 ரூபாய். 25 லட்சம் வருகிற இடத்துக்கு மூன்று லட்சம் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? கண்ணை மூடிக்கொண்டு போட்டதுமில்லை. ஹெர்ட்மன் என்ற கடல் உயிரியல் பேராசிரியர் அந்தப் பார்களை ஆராய்ந்து விரிவான அறிக்கையே கொடுத்திருந்தார். 1907-க்குப் பிறகு சிப்பி இல்லை. குஞ்சுச் சிப்பி நீரோட்டத்தில் எங்கே போய் ஒட்டும், எந்த வருஷம் மணல் வந்து மூடும், எப்போது திருக்கை மீன் கூட்டம் மேய்ந்துவிட்டுப் போகும் என்பதை எந்த அறிக்கையாலும் இருபது வருஷத்துக்குச் சொல்ல முடியாது. குத்தகைக் காலம் பாதிகூட ஓடவில்லை, கம்பெனி மூழ்கிவிட்டது. அந்தப் பக்கம் அடுத்த சலாபம் நடந்தது 1925-ல். தூத்துக்குடிப் பார்களிலும் 1955-லிருந்து 1961 வரை வரிசையாகச் சலாபம் நடந்து, அதோடு நின்றதை உங்கள் ஊர்ப் பெரியவர்களில் பார்த்தவர்கள் இன்னும் இருப்பார்கள்.

கம்பெனிக்காரர்கள் 3,10,000 ரூபாய்க்கு முத்து வாங்கவில்லை. 1905-ஐப் போல இன்னும் இருபது வருஷம் வரும் என்ற நம்பிக்கையை வாங்கினார்கள். நீங்களும் இந்த ஒரு சீசனை வைத்து அடுத்த ஐந்துக்கு விலை போடுகிறீர்கள்.

கிரிக்கெட்டுக்கு வருவோம். ஐபிஎல் அணிகளுக்குப் பணத்துக்குக் குறைவில்லை. அவர்கள்கூட ஓர் ஆட்டக்காரரை ஐந்து வருஷத்துக்குக் கட்டிப்போடுவதில்லை. வருஷா வருஷம் வைத்துக்கொள்ளவோ விட்டுவிடவோ அணிக்கு வழி இருக்கிறது. சில வருஷங்களுக்கு ஒருமுறை மெகா ஏலம் நடந்து பெரும்பாலும் எல்லாம் கலைகிறது. அந்தக் குறுகிய கணக்கிலேயே என்ன நடக்கிறது பாருங்கள். 2022 ஏலத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் தீபக் சஹரை 14 கோடிக்கு எடுத்தது. தொடையில் காயம், பிறகு முதுகில் காயம், அந்த சீசனில் ஒரு பந்துகூட வீசவில்லை. அதே ஏலத்தில் மும்பை இந்தியன்ஸ், அந்த வருஷம் ஆட முடியாது என்று தெரிந்தே, ஜோஃப்ரா ஆர்ச்சரை 8 கோடிக்கு எடுத்தது. 2023-ல் வந்தார், 5 ஆட்டம் ஆடினார், காயத்தோடு ஊர் திரும்பினார். நம் சேலம் மாவட்டத்து நடராஜனை 2025-க்கு டெல்லி கேபிடல்ஸ் 10.75 கோடிக்கு எடுத்தது. அந்த சீசனில் அவர் ஆடியது இரண்டு ஆட்டம். இந்தப் பெயர்களைச் சொல்வது யாரையும் குறை சொல்ல அல்ல. மூன்று பேருமே வேகப்பந்து வீச்சாளர்கள் என்பதைக் கவனியுங்கள்.

எனக்கு இந்த வரிசையில் மறக்க முடியாதவர் லட்சுமிபதி பாலாஜி. 2004 பாகிஸ்தான் தொடரில் அந்தச் சிரிப்பையும் அவுட்ஸ்விங்கரையும் பார்த்த யாரும், தமிழ்நாட்டுக்குப் பத்து வருஷத்துக்கு ஒரு வேகப்பந்து வீச்சாளர் கிடைத்துவிட்டார் என்றுதான் நினைத்திருப்பார்கள். அந்தச் சமயத்தில் யாராவது பத்து வருஷ ஒப்பந்தம் நீட்டியிருந்தால் குறை சொல்லியிருக்க மாட்டேன். 2005-க்குப் பிறகு அவர் டெஸ்ட் ஆடவே இல்லை. முதுகெலும்பில் அழுத்த முறிவு. வருஷக்கணக்கில் வெளியே இருந்தார், வீசும் முறையையே மாற்றிக்கொண்டு திரும்பினார். 2008-ல் சேப்பாக்கத்தில் ஐபிஎல்லின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தவர் அவர்தான். அவர் திரும்பி வந்தது, குணமாக அவகாசம் கிடைத்ததால். காலும் முதுகும் வலிக்க வலிக்க ஒருவருக்குப் பணம் அடைக்க ஓட வேண்டிய கட்டாயம் இருந்திருந்தால் அந்த ஹாட்ரிக்கை நாம் பார்த்திருக்கமாட்டோம்.

இங்கேதான் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்கு வரவேண்டும். 'வலது பக்க இடுப்பில் கொஞ்சம் பிடிப்பு.' அண்ணாச்சி, நான் டாக்டர் இல்லை. ஆனால் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் என் மேஜைக்கு வரும்போது கூடவே மருத்துவ அறிக்கையும் வரும், அதனால் சொல்கிறேன். வேகப்பந்து வீசுகிறவர்களுக்கு அழுத்த முறிவு வருவது பெரும்பாலும் பந்து வீசும் கைக்கு எதிர்ப் பக்கத்துக் கீழ் முதுகில். இடது கைக்காரன் என்றால் வலது பக்கம். முன்காலை ஊன்றி உடம்பைப் பின்னும் பக்கவாட்டிலும் வளைத்து முறுக்குகிற அந்த ஒரு கணத்தில், கீழ்முதுகு எலும்பின் பின்பக்கத்து மெல்லிய பாலம் ஒன்று ஒவ்வொரு பந்துக்கும் அடி வாங்குகிறது. வளர்கிற வயதில் அந்த எலும்பு முற்றியிருக்காது. ஆரம்பக் கட்டத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது, எம்ஆர்ஐயில் தெரியும். அப்போதே நிறுத்தினால் சில மாத ஓய்வில் ஆறிவிடும். தைலம் தேய்த்து அடுத்த டோர்னமெண்டுக்கு அனுப்பினால் உடைந்துவிடும். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இந்த வயதுப் பையன்கள் ஒரே மூச்சில் எத்தனை ஓவர், ஒரு நாளில் எத்தனை ஓவர் வீசலாம் என்று வரம்பே வைத்திருக்கிறது. நம் கோடைப் போட்டிகளில் யார் அந்தக் கணக்கு எடுக்கிறார்கள்? சனிக்கிழமை ஒரு ஊர், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்று, மதியம் அரையிறுதி. எல்லாவற்றிலும் முதல் ஓவரும் கடைசி ஓவரும் அவன் கையில்.

இப்போது உங்கள் ஒப்பந்தத்தை அந்தப் பையன் இடத்திலிருந்து படியுங்கள். வீட்டில் நான்கு லட்சம் வந்து கடன் அடைந்துவிட்டது. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை நின்றாலும் மாதம் 15,000 வருகிறது. விட்டால் எட்டு லட்சத்துக்கு மேல் கொடுக்க வேண்டும். இடுப்பு வலிக்கிறது. சொல்வானா? சொல்லமாட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவான். வலியை மறைக்க வேண்டிய காரணத்தை எழுத்தில் போட்டுக் கொடுப்பது நீங்கள். உங்கள் முதலீட்டுக்கும் அதுதான் பெரிய ஆபத்து, அவன் உடம்புக்கும் அதுதான்.

30 சதவீதத்தைப் பற்றி. நீங்கள் போட நினைப்பது ஓட்டானி, சோட்டோ மாதிரி ஒப்பந்தம் அல்ல. அவர்கள் உச்சிக்குப் போனபிறகு விலை பேசியவர்கள். உங்களுடையது, முளையிலேயே மலிவாக வாங்கிப் போடுகிற வகை. அதற்கும் அங்கே உதாரணம் உண்டு. 2008-ல் டாம்பா பே ரேஸ் அணி, எவன் லோங்கோரியா பெரிய லீக்குக்கு வந்த ஒரு வாரத்துக்குள், 6 வருஷத்துக்கு 1.75 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. பிறகும் சில வருஷம் நீட்டிக்கும் உரிமை அணிக்கு. அணிக்குப் பெரிய லாபம். ஆனால் அவர் வயதுக்கு வந்தவர், ஏஜெண்ட் பக்கத்தில் இருந்தார், கிடைத்தது உத்தரவாதமான பணம், வருமானத்தில் பங்கும் யாரும் கேட்கவில்லை.

பங்கு கேட்ட கதைதான் உங்களுக்கு நேர் பொருத்தம். அமெரிக்காவில் பிக் லீக் அட்வான்ஸ் என்று ஒரு கம்பெனி, கீழ்நிலை லீக்குகளில் ஆடும் இளைஞர்களுக்கு முன்பணம் கொடுத்து, எதிர்கால வருமானத்தில் ஒரு பங்கை எழுதி வாங்கிக்கொள்ளும். ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர் 2017-ல், 18 வயதில், 20 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு 10 சதவீதம் எழுதிக் கொடுத்தார். 2021-ல் சான் டியேகோ அணி அவருக்கு 14 வருஷத்துக்கு 34 கோடி டாலர் கொடுத்தது. பத்து சதவீதம் என்றால் 3.4 கோடி. 2025-ல் அவர் அந்தக் கம்பெனி மீது கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார். இன்னொரு ஆட்டக்காரர் 2018-லேயே போட்டார். உங்கள் பையன் ஜெயிக்கவில்லை என்றால் உங்கள் முன்பணம் போச்சு. ஜெயித்தான் என்றால் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்பீர்கள். இந்த வகை ஒப்பந்தம் இரண்டு பக்கமும் கெட்டது. அங்கே பத்து சதவீதம், நீங்கள் கேட்பது முப்பது. இதைக் கண்டிப்பாக விட்டுவிடுங்கள்.

உங்கள் பக்கமும் ஐந்து வருஷம் என்பது நீளம்தான். டிஎன்பிஎல் தொடங்கிய 2016-ல் முதல் கோப்பையைத் தட்டியது உங்கள் தூத்துக்குடியின் பெயரில் இருந்த டூட்டி பேட்ரியாட்ஸ். வாஷிங்டன் சுந்தர் அங்கிருந்துதான் வெளிச்சத்துக்கு வந்தார். ஐந்து வருஷத்துக்குள் அந்த அணி கைமாறி சேலம் ஸ்பார்டன்ஸ் ஆகிவிட்டது. நான்கு பேர் கூட்டில் ஒருவர் விலகினால் மாதம் 15,000 யார் கொடுப்பது? மழை முந்திவந்து பாத்தி கரைகிற வருஷம் என்ன செய்வீர்கள்? பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். பணம் செலவழிக்க மனம் இருக்கிறது, அது நல்ல மனம், அதை வேறு வழியில் திருப்புங்கள்.

சென்னை லீக்கில் கம்பெனிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தது ஆட்டக்காரனுக்கு ஒரு வேலை கொடுப்பது. இந்தியா சிமெண்ட்ஸில் ராகுல் திராவிடும் தோனியும்கூடப் பதவி வகித்தவர்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்பிக் ஆலையைத் தொடங்கிய எம்.ஏ. சிதம்பரத்தின் பெயரில்தான் சேப்பாக்கம் மைதானமே இருக்கிறது. தொழில் நடத்துகிறவர்கள் கிரிக்கெட்டைத் தாங்குவது உங்கள் வட்டாரத்துக்குப் புதிதல்ல. வேலை என்றால் காயம்பட்ட வருஷத்திலும் சம்பளம் வரும், ஆட்டம் முடிந்தபிறகும் ஒரு பிடிமானம் இருக்கும். பையன் பிளஸ் டூ முடிக்கட்டும். 18 ஆனதும் உங்கள் நான்கு பேரில் ஒருவர் அலுவலகத்தில் கணக்கு வேலையோ லாரி லோடு பார்க்கிற வேலையோ முறையான நியமன உத்தரவோடு, பிஎஃப், இஎஸ்ஐ பொருந்துமானால் அதோடு கொடுங்கள். கிளப்புக்கு ஆடுவது தனி. அதற்கு ஒரு சீசன், ஒரே சீசன் ஒப்பந்தம் போடுங்கள். ஜூனில் உட்கார்ந்து பேசி மறுபடி போடுங்கள்.

அந்த ஒரு சீசன் பத்திரத்தில் நான்கு விஷயம் தெளிவாக இருக்கட்டும். டாக்டர் ஓய்வு சொன்னால் பணம் நிற்காது. ஒரு வாரத்தில் இத்தனை ஓவருக்கு மேல் வீசச் சொல்லமாட்டோம். வெளியூர் பரிசுப் போட்டிகளுக்கு அவன் வர மறுக்கலாம். சென்னையிலோ வேறெங்கோ மேல்நிலை லீக்கிலோ அழைப்பு வந்தால் சீசன் நடுவிலும் அவனை விடுவிப்போம். நீங்கள் போட்ட செலவுக்கு ஏதாவது திரும்ப வேண்டும் என்றால், ஐபிஎல் ஒப்பந்தம் கிடைத்தால் இவ்வளவு என்று ஒரு நிலையான தொகையை எழுதுங்கள், நீங்கள் உண்மையில் செலவழித்ததைத் தாண்டாமல். அதையும் அவன் 18 ஆனபின், அவனுக்கென்று ஒரு வக்கீல் படித்துப் பார்த்தபின் எழுதுங்கள். அந்த வக்கீல் கட்டணத்தையும் நீங்களே கொடுங்கள். பின்னால் யாரும் ஏமாற்றினீர்கள் என்று சொல்ல வழி இருக்காது.

காப்பீடு என்று சிலர் சொல்வார்கள். தனிநபர் விபத்துக் காப்பீடு எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது விழுந்து கை உடைந்தால் வரும். மாதக்கணக்கில் வீசி வீசி எலும்பில் விழுகிற விரிசலை 'விபத்து' என்று கம்பெனி ஒத்துக்கொள்வது அரிது. பாலிசியை எடுக்கும் முன் அந்த வரியைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீடு குடும்பத்துக்கே எடுத்துக் கொடுத்தால் அவன் அம்மா, அப்பாவுக்கும் உதவும்.

சென்னை கிளப் கேட்கிறது என்றீர்கள். போகட்டும், தடுக்காதீர்கள். அங்கே பிசியோ இருப்பார்கள், நல்ல ஆடுகளம் இருக்கும், தேர்வாளர்கள் பார்ப்பார்கள். ஏஜெண்ட் வேறு விஷயம். அவர் என்ன பத்திரம் நீட்டுகிறார் என்று அவன் அப்பாவை உங்களிடம் கொண்டுவரச் சொல்லுங்கள், நீங்கள் எனக்கு அனுப்புங்கள். உங்கள் பத்திரத்தில் நான் சொன்ன குறைகள் அத்தனையும் அதிலும் இருக்க வாய்ப்பு அதிகம், உங்களிடம் இருக்கிற அக்கறை அதில் இருக்காது.

நான்கு லட்சத்தை ஒதுக்கிவைத்திருக்கிறீர்கள். அதிலிருந்து இந்த வாரமே முதல் செலவு செய்யுங்கள். பையனைத் தூத்துக்குடியிலோ திருநெல்வேலியிலோ ஒரு எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். வேகப்பந்து வீசுகிறவன், இடது கை, வலது பக்கக் கீழ்முதுகில் இரண்டு மாதமாக வலி என்று சொல்லி, அழுத்த முறிவு இருக்குமா, எம்ஆர்ஐ எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். அதுவரை அவன் பந்து வீச வேண்டாம், வலைப்பயிற்சியிலும்கூட. அறிக்கை வந்ததும் எனக்கு எழுதுங்கள், ஒரு சீசன் பத்திரத்தை நானே எழுதித் தருகிறேன்.